கள்ளும் களிப்பும்: மனத் தத்துவத்துக்கு ஓர் அறிமுகம்

(கெடா, சிடாம் கிரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மனம் என்றால் என்ன என்று ஆராயும் தத்துவத் துறையை, முன்பின் படித்திராதவர்களுக்கு அறிமுகம் செய்யவேண்டும் என்று அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். உளவியலின் கேள்விகள் வேறு. ஒருவருக்கு ஏன் அச்சம் வருகிறது, மறதி எப்படி வளர்கிறது, குழந்தை எந்த வயதில் பொய் சொல்லக் கற்கிறது என்பவை அந்தத் துறைக்கு உரியவை. தத்துவம் அவற்றுக்கும் அடியில் போய்க் கேட்கிறது. உடம்புக்கு எடை உண்டு, நீளம் உண்டு. எண்ணத்துக்கு எடை உண்டா? மூளை செய்யும் வேலைக்குத்தான் எண்ணம் என்று பெயரா, மூளையைக் கருவியாக வைத்துக்கொண்டு வேறொன்று எண்ணுகிறதா? எனக்கு வலிப்பது எனக்குத் தெரியும்; உங்களுக்கு வலிப்பது எனக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றாவது கேள்வியில்தான் இன்று அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

இதை மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் எண்ணவேண்டாம். குவாலா மூடா பக்கம் புக்கிட் மெரியாம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே ஒரு சிறிய செங்கல் கட்டட இடிபாட்டில் எழுத்துப் பொறித்த பலகைக்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அவரே 1834இல் செபராங் பிறையில் கண்டெடுத்தது மகாநாவிகன் புத்தகுப்தனின் கல். அது இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, தென்னிந்திய எழுத்தின் சாயலில் சமஸ்கிருதத்தில் பொறிக்கப்பட்டவை. பழங்கல் என்றால் அரசன் பெயரும் கொடையும் வரியும் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இந்த இரண்டிலும் இருக்கும் செய்தி வேறு. அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறவி வருகிறது, அறிவு வந்தால் வினை சேராது, வினை இல்லையேல் பிறவி இல்லை என்கின்றன அவை. காற்றுக்காகக் காத்திருந்த கடலோடிகளின் நாட்டில், நம் கைக்கு எட்டிய மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அறிவைப் பற்றிப் பேசுகிறது. நம் வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும் என்பது என் ஆசை.

இனி தமிழுக்கு வருவோம். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மாதவ வேடம் பூண்ட மணிமேகலை சமயவாதிகளைத் தேடிப் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பத்துப் பேர் பேசுகிறார்கள். கடைசியாகப் பேசுபவன் பூதவாதி. அவனுக்குக் கிடைப்பது சில அடிகள்தான். ஆனால் மனத் தத்துவம் படிக்க வருகிற எவரும் முதலில் சந்திக்கவேண்டிய ஆள் அவன்தான் என்பேன்.

தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் மதுவின் களிப்பு பிறக்கிறது. அதுபோல நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது. அவை பிரியும்போது, அடித்து ஓய்ந்த பறையின் ஓசை போல அது இல்லாமல் போகிறது. இதுதான் அவன் கொள்கை. பூவைத் தின்றால் போதை இல்லை, வெல்லத்தைத் தின்றாலும் இல்லை. இரண்டும் கூடிப் புளிக்கும்போது, இரண்டிலும் இல்லாத ஒன்று வருகிறது. அவன் எடுத்துக்காட்டு வெறும் கற்பனை அன்று. ஆயுர்வேத அரிட்டங்களைப் புளிக்கவைக்க இன்றைக்கும் தாதகிப் பூ சேர்க்கிறார்கள். கூட்டில் தோன்றும் பண்பு கூறுகளில் இருக்கவேண்டியதில்லை என்ற இந்தக் கருத்தை 20ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவம் பெரிதாக வளர்த்தது. பூதவாதி அதை ஒரு மதுக்குடத்தை வைத்தே சொல்லிவிட்டான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூதங்களில் இரண்டு வகை உண்டு என்கிறான். உயிரோடு கூடிய உணர்வுள்ள பூதம் ஒன்று, உயிரற்ற உணர்வில்லாப் பூதம் மற்றொன்று. அதது அதனதன் வழியில் பிறக்கிறதாம். முழுச் சடத்திலிருந்து உணர்வு எப்படி முளைக்கும் என்ற சங்கடம் அவனுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். 2006இல் கேலன் ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, பொருளின் அடிப்படையிலேயே உணர்வின் ஏதோ ஒரு கூறு இருந்தாகவேண்டும் என்று எழுதி விவாதத்தைக் கிளப்பினார். அவரும் இவனும் சந்தித்திருந்தால் பேச நிறைய இருந்திருக்கும்.

பூதவாதியின் பக்கத்தில் நியாயம் நிறைய உண்டு. இந்தத் தோட்டப்புறத்து மக்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. 1947இல் பீடோங்கில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை திரண்டது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி முன்னின்று நடத்திய இயக்கம் அது. போலீஸ் தலையிட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. அன்று மறியலில் நின்றவர்கள், உடம்புக்குள் போகிற திரவம் ஒரு மனிதனின் வெட்கத்தையும் கோபத்தையும் பிள்ளைப் பாசத்தையும் எப்படி மாற்றிவிடுகிறது என்பதைத் தங்கள் வீடுகளிலேயே பார்த்தவர்கள். உடம்பில் ஒன்று மாறினால் மனம் மாறுகிறது. மயக்க மருந்து கொடுத்தால் நினைவு போகிறது. பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கினால் பலருக்குப் பேச்சுப் போகிறது. மூப்பில் மூளை சுருங்கும்போது பெற்ற மகளையே யாரென்று கேட்கிற தாய்மார்களை நாம் எல்லோரும் அறிவோம். மனம் உடம்பைச் சார்ந்து நிற்கிறது என்பதை மறுப்பவர் இந்த அனுபவங்கள் அனைத்துக்கும் பதில் சொல்லியாகவேண்டும்.

இருந்தாலும் அவனுடைய குடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான். கள் புளிப்பது எப்படி என்று இப்போது நமக்கு முழுதாகத் தெரியும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வேதியியல் தெரிந்தவருக்கு அதில் மிச்சக் கேள்வி எதுவும் இல்லை. ஆனால் குடத்தில் இருப்பது சாராயச் சத்துதான். களிப்பு அங்கே இல்லை. எத்தனை நாள் ஊறினாலும் குடம் தள்ளாடாது. குடிப்பவன் ஒருவன் வந்தபிறகுதான் களிப்பு பிறக்கிறது. அதாவது, உணர்வு எப்படித் தோன்றுகிறது என்று விளக்க எடுத்த உவமையிலேயே, உணரும் ஒருவன் முன்கூட்டி வந்து உட்கார்ந்திருக்கிறான். எதை விளக்கவேண்டுமோ அதையே கடன் வாங்கி விளக்கியிருக்கிறான் பூதவாதி. 1995இல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதி உணர்வின் கடினமான பிரச்சினை என்று பெயரிட்டதும் இந்த இடத்தைத்தான். நரம்புகளின் வேலை முழுவதையும் சொல்லி முடித்தபிறகும், அந்த வேலையோடு கூடவே ஓர் அனுபவம் ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மணிமேகலை பூதவாதியை வேறொரு பக்கத்திலிருந்து மடக்குகிறாள். கண்ணால் கண்டது மட்டுமே அறிவு, அனுமானம் செல்லாது என்பது அவன் கட்சி. அவள் தன் முற்பிறப்பை அறிந்ததாகச் சொன்னதும், தெய்வ மயக்கத்திலும் கனவிலும் மனம் பேதலித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று தள்ளிவிடுகிறான். அப்போது கேட்கிறாள்: உன் தாய் தந்தையர் இவர்தாம் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி நீ அறிந்தாய்? தன் பிறப்பைத் தானே பார்த்தவர் யாரும் இல்லை. அவள் கேட்டது பெற்றோரைப் பற்றி. அதே கேள்வியை அடுத்தவரின் மனத்துக்கும் நீட்டலாம். உங்கள் முகம் சுருங்குவதை நான் பார்க்கிறேன், முனகலைக் கேட்கிறேன்; உங்கள் வலியை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. காட்சி ஒன்றையே நம்புகிறவனுக்கு உலகில் தன்னைத் தவிர வலிப்பவர் எவரும் இருக்க முடியாது.

பூதவாதிக்கு நேர் எதிரே நிற்கும் சைவ சித்தாந்தி மெய்கண்டாரை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் அவர் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடம்புக்குள் உடம்பின் வேறாக ஆன்மா உண்டு என்று காரணங்களை அடுக்குகிறது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும் ஓர் அறிவு இருக்கிறது. எனது உடம்பு என்று சொல்கிறோம்; அப்படிச் சொல்லும் நான் உடம்பின் வேறு. ஐம்புலன்களும் ஒன்றன் செய்தியை மற்றொன்று அறியாதபோது ஐந்தையும் சேர்த்து அறியும் ஒன்று இருக்கிறது. எனக்குப் பிடித்தது தூக்கத்தைப் பற்றிய வாதம். ஆழ்ந்து தூங்குகிறவனுக்கு உடம்பு அங்கேயே கிடக்கிறது, மூச்சும் ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே உடம்பும் மூச்சும் அறிகிற பொருள் ஆகா என்கிறார். இன்றைய நரம்பியலார் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். தூக்கத்தில் மூளையின் வேலை வேறு மாதிரி நடக்கிறது என்பார்கள். அந்த விடையும் கேட்கத்தக்கதே. ஆனால் விழிப்பு, கனவு, உறக்கம் என்ற நிலைகளை வைத்து மனத்தை ஆராயவேண்டும் என்ற வழிமுறை இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வழிமுறைதான்.

ஆன்மா வேறு, உடம்பு வேறு என்றால் ஒன்றை ஒன்று எப்படி அசைக்கும்? 1641இல் டெக்கார்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி தம் தியான நூலில் மனத்தையும் உடம்பையும் இரு வேறு பொருள்கள் என்று பிரித்தார். 1643இல் பொஹீமியா இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதி இதையே கேட்டார். இடத்தை அடைத்துக்கொள்ளாத ஒன்று கையை எப்படித் தூக்கும்? டெக்கார்ட் பல விதமாக எழுதிப் பார்த்தார். எதுவும் அந்த அம்மையாருக்கு நிறைவு தரவில்லை, எனக்கும் தரவில்லை. தத்துவ வகுப்புகளில் டெக்கார்ட்டுக்கு ஒரு மாதமும் எலிசபெத்துக்கு ஒரு வரியும் ஒதுக்குவது பெரிய அநியாயம்.

1949இல் கில்பர்ட் ரைல் என்ற ஆக்ஸ்ஃபர்ட் பேராசிரியர் வேறு வழி காட்டினார். உடம்பு என்ற இயந்திரத்துக்குள் மனம் என்ற ஆவி ஒளிந்திருப்பதாக எண்ணுவதே பிழை என்றார் அவர். செயலுக்குப் பின்னால் மனத்தைத் தேடாதீர்கள், செயல் நடக்கும் விதத்திலேயே அது தெரிகிறது என்பது அவர் வாதம். இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு ஆக்ஸ்ஃபர்ட் வேண்டாம். பால்மரம் வெட்டும் கையைப் பாருங்கள். விடியுமுன், மரத்துக்குள் அழுத்தம் குறையாமல் பால் நன்றாக இறங்கும் நேரத்தில், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சரிவுக் கோட்டில் உளி ஓடுகிறது. சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் உளி மரத்தின் வளர்படலத்தைத் தொட்டுவிடும், பட்டை திரும்ப வளரும் இடத்தில் முடிச்சும் புண்ணுமாகும். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அந்த ஆழத்தை அளப்பது கண் அன்று, மணிக்கட்டு. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் பலரால் சொல்ல முடியாது. உளியை வாங்கிச் செய்து காட்டுவார்கள். முதலில் மனத்துக்குள் ஒரு விதியைச் சொல்லிக்கொண்டு பிறகு கை அதற்குக் கீழ்ப்படிவதில்லை. அறிவு கையிலேயே இருக்கிறது. செயல் அறிவைக் கூலி வேலை என்று தாழ்த்தி, ஏட்டறிவை மட்டுமே மூளை என்று உயர்த்திய வழக்கத்துக்கு ரைல் கொடுத்த அடி பலமானது. தலைமுறை தலைமுறையாக இந்த மரங்களின் நடுவே உழைத்தவர்களின் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் ரைலின் வழி வலியிடம் வந்து நின்றுவிடுகிறது. அசையாமல் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வலியைத் தாங்குகிறவர்கள் உண்டு. அங்கே செயல் எங்கே? 1956இல் யு.டி. பிளேஸ் என்ற தத்துவவாதி, அனுபவம் என்பது மூளையில் நடக்கும் நிகழ்ச்சியேதான், மின்னல் என்பது மின்னோட்டமேதான் என்பது போல, என்று வாதிட்டார். அதன்பின் வந்தவர்கள் வலியையே நிலையான உதாரணமாக எடுத்துக்கொண்டு, வலிச் செய்தியைக் கடத்தும் சி வகை நரம்பிழைகளின் துடிப்பே வலி என்று எழுதினார்கள்.

சுங்கை பட்டாணித் தைப்பூசத்துக்குப் போனவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். கன்னத்தில் அலகு, முதுகில் கொக்கிகள், உறுமி முழங்க நடக்கிறார் ஒருவர். ஊசி தோலைத் துளைத்திருக்கிறது, நரம்பிழை வேலை செய்யாமல் இருக்குமா? ஆனால் வலி தெரியவில்லை என்றுதான் பலர் சொல்கிறார்கள். மலேசியத் தைப்பூசத்தின் அருள் நிலையையும் அலகையும் கொலீன் வார்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1984இல் கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் படுகாயமுற்ற வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள்; அதை அவர் 1946இல் வெளியிட்டார். 1965இல் மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தண்டுவடத்தில் வலிச் செய்தியைத் திறந்தும் மூடியும் விடுகிற வாயில் போன்ற ஓர் அமைப்பு உண்டு என்றும், மூளையிலிருந்து கீழே வரும் கட்டளையும் அதை மூடக்கூடும் என்றும் கோட்பாடு வகுத்தார்கள். மறுபக்கம், காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வலிக்கிறது. காயம் வேறு, வலி வேறு என்பது இதிலிருந்து உறுதியாகிறது. விரதமும் நேர்த்தியும் நம்பிக்கையும் தண்டுவடம் வரை இறங்கி வேலை செய்கின்றன என்றால், மனம் உடம்பைத் தொடுவதே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வேலை முழுவதும் நரம்பு வழியாகவே நடக்கிறது என்றால், மனம் உடம்புக்கு அப்பாற்பட்டது என்றும் எளிதில் சொல்ல முடியாது.

ஹிலரி பட்னம் என்ற தத்துவவாதி 1960களில் ஒரு பொதுவிடை கண்டார். வலி என்பது குறிப்பிட்ட நரம்பு அன்று, அது செய்யும் வேலை. ஆகவே ஆக்டோபஸுக்கும் வலிக்கலாம். கணினிக்கும் மனம் வரலாம் என்ற இன்றைய பேச்சின் தத்துவ வேர் அங்கே இருக்கிறது. இயந்திரம் எண்ணுமா என்று கேட்டு 1950இல் டூரிங் எழுதியதையும், அதை மறுத்து 1980இல் ஜான் சேர்ல் எழுதியதையும் மாணவர்கள் சேர்த்துப் படிக்கவேண்டும். அதற்குத் தனிச் சொற்பொழிவே தேவை. பேசுகிற பெட்டிக்கு மனம் உண்டா என்று கவலைப்படுகிற உலகம், பேச முடியாத மனிதர்களை எப்படி நடத்தியது என்பதைத்தான் நான் இன்று சொல்லிவிட்டுப் போக விரும்புகிறேன்.

பழைய தோட்ட வாழ்வில் விடிகாலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு வர முடியாதவர் தம் இடுப்பு வலியை யாரிடமாவது நிரூபிக்கவேண்டியிருந்தது. காய்ச்சல் என்றால் கையைத் தொட்டுப் பார்க்கலாம், கருவி வைக்கலாம். வலிக்கு எதை வைப்பது? தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் நம்பினால் ஓய்வு, நம்பாவிட்டால் சோம்பேறி என்ற பெயரும் சம்பள வெட்டும். மற்றவர் மனத்தை நாம் எப்படி அறிகிறோம் என்ற கேள்விக்கு அன்று ஒருவர் சொன்ன விடை, ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசியாக இருந்தது.

நன்கு படித்த மருத்துவ உலகமும் இதில் தவறியது. 1980கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகளில், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை செய்யும்போது வலி மருந்து மிகக் குறைவாகக் கொடுப்பதோ, தசையைத் தளர்த்தும் மருந்து மட்டுமே கொடுப்பதோ வழக்கமாக இருந்தது. அவ்வளவு இளம் மூளைக்கு வலி தெரியாது, அழுகை வெறும் அனிச்சை என்று நம்பினார்கள். இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்ஃபர்டில் ஆய்வு செய்த கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இளம் மருத்துவர், அறுவைக்குப்பின் குழந்தைகள் வந்துசேரும் மோசமான நிலையைக் கண்டு ஐயப்பட்டார். அவரும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, இரத்தத்தில் பதற்ற ஹார்மோன்களை அளந்தார்கள். மருந்து பெற்ற குழந்தைகளின் உடம்பில் அந்தக் கொந்தளிப்பு வெகுவாகத் தணிந்திருந்தது, பின்விளைவுகளும் குறைந்தன. 1987இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. அதன்பின் உலகம் முழுவதும் நடைமுறை மாறத் தொடங்கியது. வலியை அவரும் பார்க்கவில்லை. பார்த்தது ஹார்மோனை, அதிலிருந்து அனுமானித்தது வலியை. காட்சி மட்டுமே போதும் என்று நின்றவர்கள் குழந்தைகளை அறுத்தார்கள். அனுமானத்துக்குத் துணிந்தவர் அவர்களைக் காப்பாற்றினார்.

பூதவாதி விஷயத்தில் என் முடிவு இங்கிருந்து வருகிறது. மனம் உடம்பில் வேரூன்றியது என்று அவன் சொன்னதை ஏற்கிறேன். காட்சிக்கு வராதது இல்லை என்று அவன் சொன்னதை ஏற்கமாட்டேன். அந்த விதி கொடுமைக்கு வழிவிடுகிறது. 2020இல் உலக வலி ஆய்வுச் சங்கம் வலிக்குத் தந்த புதிய வரையறையின் குறிப்புகளில், ஒருவர் எனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்றும், சொல்ல முடியாமை வலியின்மைக்குச் சான்று ஆகாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். மனத் தத்துவம் நேராக மருத்துவமனைக் கட்டில் வரை நடந்து வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆய்வாளரும் குழுவினரும், சாலை விபத்தில் மூளை அடிபட்டு உணர்வற்ற நிலையில் கிடப்பதாகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண் ஒருவரை மூளைப்படக் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அப்போது எந்தப் பகுதி இயங்குமோ, அவருக்கும் அதே பகுதி இயங்கியது. வீட்டின் அறைகளில் நடப்பதாக நினைக்கச் சொன்னபோது வேறொரு பகுதி இயங்கியது. 2010இல் வெளியான அடுத்த ஆய்வில் இருந்த 54 நோயாளிகளில் 5 பேர் இப்படிக் கட்டளைக்கேற்பத் தம் மூளையின் இயக்கத்தை மாற்றினார்கள். ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்று ஏற்பாடு செய்து, அவர்களில் ஒருவரிடம் தந்தையின் பெயர் உள்பட வீட்டுச் செய்திகளைக் கேட்டார்கள். சரியான விடை வந்தது. 2012இல், பத்தாண்டுகளுக்கும் மேலாக அசைவற்றுக் கிடந்த கனடா நாட்டவர் ஒருவரிடம், இப்போது வலிக்கிறதா என்று அதே முறையில் கேட்டார்கள். இல்லை என்று விடை சொன்னார். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டு, அவரிடமிருந்தே விடை பெற்றது அதுவே முதல்முறை.